கூட்ஸ் எஞ்சினின் மறுபிறவி: தூத்துக்குடிப் பாதையும் விக்டோரியா காலத்து நீராவி எஞ்சின்களும்

தூத்துக்குடி என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது முத்து. ஆனால் அந்த ஊருக்கு ரயிலைக் கொண்டு வந்தது முத்து அல்ல, பருத்தி!

காரணம் எளிமையானது. ஒரு பருவம் முழுக்கக் குளித்து எடுத்த நல்முத்துகளை ஒரு வியாபாரி மடியில் முடிந்து கொண்டு போய்விடலாம். முத்துக்கு வண்டி வேண்டாம், மாடு வேண்டாம், தண்டவாளம் வேண்டவே வேண்டாம். பருத்தி அப்படியல்ல. கோவில்பட்டி, எட்டயபுரம், சாத்தூர், விருதுபட்டி (இன்றைய விருதுநகர்) வட்டாரத்துக் கரிசல் காட்டில் விளைந்த பஞ்சை மாட்டு வண்டிகளில் ஏற்றி, நாள் கணக்கில் ஓட்டி வந்துதான் தூத்துக்குடிக் கரையில் சேர்க்க வேண்டும். ஒரு மழை பெய்தால் போதும், கரிசல் மண் வண்டிச் சக்கரத்தை விடாது. 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்தபோது இங்கிலாந்தின் நூற்பாலைகள் அமெரிக்கப் பஞ்சு இல்லாமல் தவித்தன. திருநெல்வேலிச் சீமைப் பஞ்சுக்கு விலை ஏறியது. மாட்டு வண்டியின் வேகம் போதாது என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்து போனது.

1876 ஜனவரி 1ஆம் தேதி, மதுரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தூரம் தென்னிந்திய ரயில்வேயின் பாதை தூத்துக்குடி வரை திறக்கப்பட்டது. அந்தப் பாதையில் சுமை இழுத்த எஞ்சின்களின் வகை எப்படி வடிவமைக்கப்பட்டது, பழசானபோது எப்படிப் பிரித்துப் புதுப்பிக்கப்பட்டது, அந்த வேலையைச் செய்தவர்கள் கதி என்ன ஆயிற்று என்பது அதிகம் பேசப்படாத வரலாறு.

ஏன் மீட்டர்கேஜ்?

தென் தமிழகத்தில் ரயில் முதலில் வந்தது பிராட்கேஜில்தான். கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற கம்பெனி 1861-62இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குப் பாதை போட்டது. தண்டவாளங்களுக்கு இடையே ஐந்தரை அடி அகலம். இங்கிலாந்தில் வழக்கத்தில் இருந்த அகலத்தை விடவும் இது அதிகம். பாலம், கரை, தண்டவாளம், எஞ்சின் எல்லாமே பெரிது. செலவும் பெரிது. போட்ட முதலுக்கு அரசு வட்டி உத்தரவாதம் கொடுத்திருந்ததால், நஷ்டம் வந்தால் அது வரி கட்டுகிறவன் தலையில் விழுந்தது.

1869 முதல் 1872 வரை வைஸ்ராயாக இருந்த மேயோ பிரபு, கிளைப் பாதைகளுக்குச் சிறிய அகலம் போதும் என்று முடிவு செய்தார். இந்தியாவில் மெட்ரிக் அளவைகளைக் கொண்டு வரும் யோசனை அப்போது இருந்ததால் அந்த அகலம் சரியாக ஒரு மீட்டர் என்று ஆனது. மெட்ரிக் அளவை நம் கடைத்தெருவுக்கு வர அதன் பிறகு எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஆனால் தண்டவாளம் மட்டும் 1870களிலேயே மீட்டருக்கு மாறிவிட்டது!

1874இல் கிரேட் சதர்ன் கம்பெனியும் கர்நாடிக் ரயில்வேயும் இணைந்து தென்னிந்திய ரயில்வே உருவானது. பழைய பிராட்கேஜ் பாதைகள் 1870களின் பிற்பாதியில் மீட்டர்கேஜாக மாற்றப்பட்டன. திருச்சிக்குத் தெற்கே மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் புதிதாகப் போட்ட பாதை தொடக்கத்திலிருந்தே மீட்டர்கேஜ். எனவே தூத்துக்குடி தன் முதல் ரயிலைப் பார்த்தபோது அது சின்ன ரயிலாகத்தான் இருந்தது. அந்தச் சின்ன ரயிலிடம் பெரிய சுமையை இழுக்கச் சொன்னார்கள். எஞ்சின் வடிவமைப்பாளனின் தலைவலி அங்கேதான் ஆரம்பம்.

கூட்ஸ் எஞ்சின் எப்படி வேறுபடுகிறது?

பார்ப்பதற்கு எல்லா நீராவி எஞ்சினும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் பயணிகள் வண்டி எஞ்சினுக்கும் கூட்ஸ் எஞ்சினுக்கும் உள்ள வேறுபாடு, பந்தயக் குதிரைக்கும் வண்டி மாட்டுக்கும் உள்ள வேறுபாடு.

முதல் வேறுபாடு சக்கரத்தின் அளவு. பிஸ்டன் ஒரு முறை முன்னும் பின்னும் போய் வந்தால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். சக்கரம் பெரிதாக இருந்தால் ஒரு சுற்றில் அதிக தூரம் போகலாம், வேகம் கிடைக்கும். சக்கரம் சிறிதாக இருந்தால் தூரம் குறையும். ஆனால் அதே பிஸ்டன் அழுத்தத்துக்கு இழுவிசை கூடும். 1855இல் லீட்ஸ் நகரில் கிட்சன், தாம்சன், ஹெவிட்சன் கம்பெனி கட்டிய 'ஃபேரி குயின்' என்ற பயணிகள் எஞ்சினின் உந்து சக்கரம் ஆறடி விட்டம், ஓர் ஆள் உயரம். மீட்டர்கேஜில் பரவலாக ஓடிய 'எஃப்' வகுப்பு எஞ்சினின் சக்கரமோ சுமார் மூன்றரை அடிதான். இடுப்புயரம்கூட இருக்காது.

இரண்டாவது வேறுபாடு பிடிமானம். இரும்புத் தண்டவாளத்தின் மேல் இரும்புச் சக்கரம் எளிதில் வழுக்கும். உந்து சக்கரங்களின் மேல் எவ்வளவு எடை உட்கார்ந்திருக்கிறதோ அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத்தான் இழுவிசையாக மாற்ற முடியும். அதற்கு மேல் நீராவியைத் திறந்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். பயணிகள் எஞ்சினான ஃபேரி குயினில் உந்துவது ஒரே ஒரு ஜோடி சக்கரம். முன்னும் பின்னும் உள்ள மற்றவை வெறுமனே எடை தாங்குபவை. கூட்ஸ் எஞ்சினுக்கு அந்த ஆடம்பரம் கட்டுப்படியாகாது. மூன்று ஜோடி சக்கரங்களையும் இணைப்புத் தண்டால் பிணைத்து, எஞ்சினின் முழு எடையையும் பிடிமானத்துக்குப் பயன்படுத்தினார்கள். தாங்கு சக்கரமே இல்லாத இந்த ஆறு சக்கர இணைப்பு வகைதான் விக்டோரியா காலத்தின் கூட்ஸ் எஞ்சின். இங்கிலாந்திலும் அதுதான், இந்தியாவிலும் அதுதான்.

மூன்றாவது, தண்டவாளத்தின் தாங்கும் திறன். செலவைக் குறைக்கத்தானே மீட்டர்கேஜ் வந்தது? எனவே தண்டவாளமும் மெலிதாக இருந்தது. தொடக்க கால மீட்டர்கேஜ் பாதைகள் பலவற்றில் கெஜத்துக்கு நாற்பது ராத்தல் அளவிலான தண்டவாளமே போடப்பட்டது. ஓர் அச்சின் மேல் அதிக எடையை வைத்தால் அது வளைந்துவிடும். எடையை ஆறு சக்கரங்களுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பதற்கு இன்னொரு காரணமும் இதுவே.

நான்காவதுதான் மிகக் கடினமானது: நெருப்புப் பெட்டி. எஞ்சினின் பலம் பிஸ்டனில் இல்லை, பாய்லரில் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தண்ணீரை நீராவியாக்க முடியும் என்பதுதான் கணக்கு. அதற்குப் பெரிய நெருப்பு வேண்டும். பெரிய நெருப்புக்கு அகலமான பெட்டி வேண்டும். ஆனால் மீட்டர்கேஜில் தண்டவாளங்களுக்கு இடையே இருப்பதே ஒரு மீட்டர். அதில் இரண்டு பக்கச் சக்கரம், இரண்டு பக்கச் சட்டம், நெருப்புப் பெட்டியின் இரட்டைச் சுவர், நடுவே தண்ணீர் நிற்கும் இடைவெளி என்று கழித்துக் கொண்டே வந்தால், எரியும் தட்டுக்கு முக்கால் மீட்டர் அகலம்கூட மிஞ்சாது. சில வடிவமைப்பாளர்கள் சட்டத்தைச் சக்கரத்துக்கு வெளியே கொண்டு போனார்கள். சிலர் பெட்டியை நீளமாக்கினார்கள். பின்னாளில் பெட்டியையே தூக்கிச் சட்டத்துக்கு மேலே வைத்தார்கள். குறுகிய பாதையில் அகலமான அடுப்பை எப்படி வைப்பது என்ற இந்த ஒரே கேள்விக்குத்தான் மீட்டர்கேஜ் எஞ்சின்கள் ஐம்பது ஆண்டுகள் விடை தேடின.

தூத்துக்குடிக்கு இயற்கை ஒரு சலுகை கொடுத்திருந்தது. சமதளத்தில் ஒரு டன் சுமையை மெதுவாக இழுக்க நாலைந்து கிலோ விசை போதும். நூறு அடிக்கு ஓர் அடி ஏறும் பாதையில் அதே டன்னுக்கு இன்னும் பத்துக் கிலோ கூடுதலாக வேண்டும். அதாவது ஏற்றம் வந்தால் இழுக்கக் கூடிய சுமை மூன்றில் ஒரு பங்காகிவிடும். கடலை நோக்கி மெல்லச் சரியும் கரிசல் சமவெளியில் அப்படிப்பட்ட பெரிய ஏற்றம் இல்லை. சின்ன எஞ்சின் நீண்ட கூட்ஸை இழுத்த ரகசியம் இதுதான்.

விறகும் தண்ணீரும்

தென்னிந்தியாவில் அருகில் நிலக்கரி கிடையாது. இங்கிலாந்திலிருந்தோ வங்காளத்திலிருந்தோ கப்பலில் வர வேண்டும். அதனால் சென்னை மாகாணத்து ரயில்கள் ஆரம்பத்தில் பெருமளவு விறகில் ஓடின. காடுகள் வேகமாகக் கரைந்தன. கடற்கரை மணலில் விரைவாக வளரும் சவுக்கு மரத்தை 1860களில் இந்த மாகாணத்தில் தோப்பு தோப்பாக நட்டதற்கு ஒரு முக்கியக் காரணம் ரயில் எஞ்சினின் அடுப்பு. இன்று பந்தலுக்கும் சாரத்துக்கும் நாம் கட்டும் சவுக்குக் கம்புக்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கிறது.

விறகு, நிலக்கரியை விட இடத்தை அடைக்கும், சூடு குறைவு, தீப்பொறி பறக்கும். பஞ்சுப் பொதி ஏற்றிய வண்டிக்கு முன்னால் தீப்பொறி பறந்தால் என்ன ஆகும்? அதனால்தான் விறகு எரிக்கும் எஞ்சின்களின் புகைபோக்கியில் பொறியைத் தடுக்கும் வலை அமைப்பு அவசியமாயிற்று.

தண்ணீர் இன்னொரு தொல்லை. தூத்துக்குடியின் நிலத்தடி நீர் உவர்ப்பு என்பது ஊரறிந்த விஷயம். உப்பு நீரையும் கடின நீரையும் பாய்லரில் கொதிக்க வைத்தால் குழாய்களில் சுண்ணாம்பு போல் காரை படியும். வீட்டு வெந்நீர்ப் பானையில் படிகிறதே, அதேதான். காரை படிந்த உலோகம் தண்ணீரால் குளிராமல் அதிகமாகச் சூடேறிப் பழுதாகும். எனவே பாய்லரைக் கால முறைப்படி அணைத்து, கழுவி, குழாய்களைச் சுரண்ட வேண்டும். எஞ்சினின் ஆயுளைத் தீர்மானித்தது ஓடிய தூரம் மட்டுமல்ல, குடித்த தண்ணீரும்தான்.

பஞ்சமும் கூட்ஸ் வண்டியும்

பாதை திறந்த அதே 1876இல் பருவமழை பொய்த்தது. 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் இறந்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பீடுகள் சொல்கின்றன. கடல் வழியே வந்து துறைமுகங்களில் குவிந்த தானியத்தை உள்நாட்டுக்குக் கொண்டு போனவை ரயில்கள்தான். ஆனால் வண்டி வந்த ஊரிலும் மக்கள் செத்தார்கள். தானியம் ஸ்டேஷனுக்கு வந்துவிடும். அதை வாங்கக் கூலிக்காரன் கையில் காசு இருக்காது. மேலும் விலை அதிகமாகக் கிடைக்கும் இடத்துக்குத் தானியத்தை இழுத்துச் செல்லவும் அதே எஞ்சின் பயன்பட்டது. கூட்ஸ் எஞ்சின் நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது. பின்னால் மாட்டியதை இழுக்கும், அவ்வளவுதான்.

அந்தப் பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் தென் மாவட்டங்களிலிருந்து இலங்கையின் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போனவர்களில் ஏராளமானோர் தூத்துக்குடி வழியாகத்தான் கப்பலேறினார்கள். அங்கும் ரயில் காத்திருந்தது. கொழும்பிலிருந்து மலைநாட்டை நோக்கி 1860களில் போடப்பட்ட இலங்கையின் முதல் பாதை, காப்பி மூட்டைகளை இறக்குவதற்காகவே போடப்பட்ட பாதை.

ஆழம் குறைந்த கடல் என்பதால் பெரிய கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளியே நங்கூரம் போட்டன. கூட்ஸ் வண்டி கொண்டு வந்த பஞ்சுப் பொதியைத் தோணிகள் கப்பலுக்குச் சுமந்தன. அதாவது, லீட்ஸிலும் கிளாஸ்கோவிலும் உருவான எஞ்சினும், தூத்துக்குடித் தச்சர்கள் கட்டிய தோணியும் ஒரே சங்கிலியின் இரு கண்ணிகள்.

பழைய எஞ்சினா, புது எஞ்சினா?

ஒரு நீராவி எஞ்சினின் எல்லா உறுப்பும் ஒரே வேகத்தில் பழசாவதில்லை. சக்கரத்தின் வெளி வளையம் சில ஆண்டுகளில் தேயும். பாய்லர் குழாய்கள் அதைவிடச் சற்று அதிகம் தாங்கும். தாமிர நெருப்புப் பெட்டியும் பாய்லரும் இருபது முப்பது ஆண்டுகள் உழைக்கும். சட்டமோ நன்றாகப் பார்த்துக் கொண்டால் ஐம்பது ஆண்டுகளையும் தாண்டும். எனவே புதுப்பிப்பது என்பது கூட்ஸ் எஞ்சினின் வாழ்க்கையில் விதிவிலக்கு அல்ல, விதி.

இதற்குச் சிறந்த உதாரணம் இங்கிலாந்தின் லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயின் 'டி.எக்ஸ்' வகை. ஜான் ராம்ஸ்பாட்டம் வடிவமைத்து, 1858 முதல் 1874 வரை க்ரூ பணிமனையில் கட்டப்பட்ட இந்த ஆறு சக்கர கூட்ஸ் எஞ்சின்களின் எண்ணிக்கை 943. ஒரே அச்சில் வார்த்தது போல, ஒன்றின் உறுப்பு இன்னொன்றுக்குப் பொருந்தும்படி கட்டியதுதான் இவற்றின் சிறப்பு. பின்னால் வந்த எஃப்.டபிள்யூ. வெப், இவற்றில் 500 எஞ்சின்களைப் பிரித்து, அதிக அழுத்தம் தாங்கும் பாய்லரும் வேக்குவம் பிரேக்கும் பொருத்தி மறுபிறவி கொடுத்தார். புது எஞ்சின் வாங்கும் செலவில் ஒரு பகுதியிலேயே புது எஞ்சினின் பலன் கிடைத்தது.

இதில் ஒரு கணக்குப்பிள்ளைத் தந்திரமும் உண்டு. புது எஞ்சின் வாங்கினால் அது மூலதனச் செலவு. பங்குதாரரிடம் விளக்கம் சொல்ல வேண்டும். பழைய எஞ்சினைப் 'புதுப்பித்தால்' அது பராமரிப்புச் செலவு. அதனால் பழைய எஞ்சினின் எண் பலகையையும் ஒரு சில உறுப்புகளையும் மட்டும் வைத்துக் கொண்டு மற்றதெல்லாம் புதிதாகக் கட்டி, 'புதுப்பித்தது' என்று பதிவேட்டில் எழுதிய கம்பெனிகள் பல. வரலாற்றாசிரியர்களுக்கு இது தீராத குழப்பம். 1870 என்று எழுதியிருக்கும் எஞ்சினில் 1870ஆம் ஆண்டு இரும்பு எவ்வளவு இருக்கிறது?

தூத்துக்குடிக்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. தோணியில் உளுத்த பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பலகை வைப்பார்கள். அடுத்த ஆண்டு இன்னொன்று. பாய்மரம் மாறும், கயிறு மாறும். கடைசியில் முதலில் வைத்த பலகை ஒன்றுகூட இருக்காது. ஆனால் பெயர் அதேதான், தோணியும் அதேதான். தோணியின் அடையாளம் மரத்தில் இல்லை, அது விடாமல் கடலுக்குப் போய் வருவதில் இருக்கிறது. எஞ்சினுக்கும் அதே நியாயம் பொருந்தும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுப்பித்தலுக்கு இன்னொரு பெரிய காரணம் கிடைத்தது. ஜெர்மனியின் வில்ஹெல்ம் ஷ்மிட் உருவாக்கிய சூப்பர்ஹீட்டர். சாதாரண பாய்லரில் நீராவி ஈரமாக இருக்கும். சிலிண்டருக்குள் போனதும் ஒரு பகுதி குளிர்ந்து தண்ணீராகி வீணாகும். அந்த நீராவியை மறுபடியும் சூடான குழாய்கள் வழியே செலுத்தி முந்நூறு டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கொண்டு போனால் அந்த வீண் குறையும். நிலக்கரியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். நிலக்கரியைக் கடல் கடந்து வரவழைக்கும் தென்னாட்டுக்கு இது எத்தனை பெரிய லாபம்! ஆனால் பழைய எஞ்சினில் அதைப் பொருத்துவது சும்மா குழாய் சேர்க்கும் வேலை அல்ல. அந்தச் சூட்டில் பழைய தட்டை வால்வுகள் எண்ணெய் வறண்டு கடித்துக் கொள்ளும். எனவே உருளை வடிவப் பிஸ்டன் வால்வு வேண்டும். அதற்குப் புது சிலிண்டர் வேண்டும். ஒன்றைத் தொட்டால் எல்லாவற்றையும் தொட வேண்டிய வேலை.

நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு

இந்த வேலைகளையெல்லாம் செய்ய தென்னிந்திய ரயில்வேக்கு நாகப்பட்டினத்தில் பணிமனை இருந்தது. 1920களில் கம்பெனி ஒரு முடிவுக்கு வந்தது. நாகப்பட்டினம், போத்தனூர் ஆகிய இடங்களில் சிதறிக் கிடக்கும் வேலைகளைத் திருச்சிக்கு அருகே பொன்மலையில் ஒரே பெரிய பணிமனையாகக் குவிப்பது. எஞ்சினைப் பொறுத்தவரை அது நல்ல ஏற்பாடு. பெரிய கிரேன்கள், புது இயந்திரங்கள், ஒரே கூரையின் கீழ் வார்ப்பு முதல் வர்ணம் வரை.

மனிதர்களைப் பொறுத்தவரை அது பேரிடி. புது இயந்திரம் வந்ததால் கை குறைவாகப் போதும் என்று, தொழில் தேர்வு வைத்து மூவாயிரத்துக்கும் அதிகமானவர்களைக் குறைக்கத் திட்டமிட்டது நிர்வாகம். பல ஆண்டுகள் பாய்லர் அடித்துக் கைதேர்ந்தவனிடம் 'உனக்கு வேலை தெரியுமா என்று நிரூபி' என்றார்கள். 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே முழுவதும் வேலைநிறுத்தம் வெடித்தது. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் கைது செய்யப்பட்டுச் சிறைத் தண்டனை பெற்றார்கள். வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்டது. நாகப்பட்டினம் தன் பணிமனையை இழந்தது.

அதோடு முடியவில்லை. 1946 செப்டம்பர் 5ஆம் தேதி, மறுபடியும் வேலைநிறுத்தம் நடந்தபோது பொன்மலை சங்கத் திடலில் போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தினர். ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர். பொன்மலைத் தியாகிகள் என்று இன்றும் ஆண்டுதோறும் அவர்களை நினைவுகூர்கிறார்கள். எஞ்சினுக்கு மறுபிறவி கொடுத்தவர்களுக்கு இருந்ததோ ஒரே பிறவிதான்.

கட்டத் தெரிந்தும் கட்டவிடவில்லை

ஒரு எஞ்சினை முழுக்கப் பிரித்துப் பாய்லர், சிலிண்டர், அச்சு எல்லாம் மாற்றிப் பூட்டத் தெரிந்தவர்களுக்குப் புது எஞ்சின் கட்டத் தெரியாதா? தெரியும். அதற்குச் சாட்சி இருக்கிறது. 1895இல் ராஜஸ்தானின் அஜ்மீர் பணிமனையில் எஃப் வகுப்பு கூட்ஸ் எஞ்சின் ஒன்று கட்டப்பட்டது. எண் 734. இந்தியாவிலேயே கட்டப்பட்ட முதல் எஞ்சின் என்று போற்றப்படும் அது, டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. கவனிக்க வேண்டிய செய்தி: இந்தியா முதன்முதலில் கட்டியது ராஜாக்கள் ஏறும் மெயில் எஞ்சின் அல்ல, மூட்டை இழுக்கும் மீட்டர்கேஜ் எஞ்சின்.

ஆனால் அந்த வழி அகலப்படவில்லை. 1865க்கும் 1941க்கும் இடையில் இந்தியப் பணிமனைகள் கட்டிய எஞ்சின்கள் எழுநூறு அளவில்தான். அதே காலத்தில் பிரிட்டனிலிருந்து வாங்கியவை பன்னிரண்டாயிரம் அளவில்! பழுது பார்க்கும் உரிமை இங்கே, கட்டி விற்கும் லாபம் அங்கே. பஞ்சு போய்த் துணியாகத் திரும்பி வந்த அதே கதைதான்.

இந்தக் கோபத்தின் முகம் தூத்துக்குடியில் நன்றாகவே தெரிந்தது. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908இல் கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார். 1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ஜங்ஷனில் ரயில் பெட்டிக்குள் இருந்த கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்று, தானும் சுட்டுக் கொண்டு இறந்தார். தூத்துக்குடிக் கிளையும் திருநெல்வேலிப் பாதையும் பிரியும் அந்த ஸ்டேஷன் இன்று வாஞ்சி மணியாச்சி.

படகு ரயில் போனது, கூட்ஸ் நின்றது

அதுவரை தூத்துக்குடியின் பெருமை கொழும்பு மெயில். சென்னையிலிருந்து ரயிலில் வந்து, தூத்துக்குடியில் கப்பலேறி, மறுநாள் கொழும்பு. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் அந்த மெயில் தனுஷ்கோடிக்குப் போய்விட்டது. தூத்துக்குடி படுத்துவிடும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். பயணிகள் போனால் என்ன? பஞ்சும் உப்பும் கருப்பட்டியும் எங்கும் போகவில்லை. 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்தது. தூத்துக்குடியோ 1974இல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. ஊரைத் தாங்கிப் பிடித்தது கூட்ஸ்தான்.

1990களின் தொடக்கத்தில் பாதை பிராட்கேஜானது. மேயோ பிரபு குறுக்கியதை நூற்றிருபது ஆண்டுகள் கழித்து மறுபடி அகலமாக்க வேண்டியிருந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நாட்டின் வழக்கமான நீராவி ரயில்களும் ஏறத்தாழ ஓய்ந்தன. ஆனால் நீராவி தூத்துக்குடியை விட்டுப் போகவில்லை. 1979இல் தொடங்கிய அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி இன்றும் கப்பலில்தான் வருகிறது!

மீண்டும் உயிர் பெற்றவை

1855ஆம் ஆண்டு ஃபேரி குயின் எஞ்சினை மீண்டும் ஓட வைக்க முடிவானபோது அந்த வேலை சென்னை பெரம்பூர் பணிமனைக்கே வந்தது. 1997இல் அது மறுபடி ஓடியது. அதன் உடன்பிறப்பான 'எக்ஸ்பிரஸ்' (ஈ.ஐ.ஆர். 21) ஒரு நூற்றாண்டுக் காலம் காட்சிப் பொருளாக நின்ற பிறகு, 2010இல் பெரம்பூரிலேயே உயிர் பெற்றது. பொன்மலை இன்னும் ஒரு படி மேலே போனது. நீலகிரி மலை ரயிலுக்காக சுவிட்சர்லாந்தில் 1914 முதல் கட்டப்பட்ட 'எக்ஸ்' வகுப்புப் பற்சக்கர எஞ்சின்கள் தேய்ந்தபோது, 2011 முதல் அதே வடிவில் புது நீராவி எஞ்சின்களையே கட்டிக் கொடுத்தது. உலகம் நீராவியை மறந்த நூற்றாண்டில், திருச்சியில் பாய்லர் தகடு வளைத்தார்கள்.

ஆனால் பெரும்பாலும் காப்பாற்றப்படுவது பெயர் பெற்ற பயணிகள் எஞ்சின்களே. 943 டி.எக்ஸ் எஞ்சின்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இரண்டு உலகப் போர்களிலும் கடல் கடந்து உழைத்த 260 'டீன் கூட்ஸ்' எஞ்சின்களில் ஸ்விண்டன் அருங்காட்சியகத்தில் மிஞ்சி நிற்பது ஒன்று. கூட்ஸ் எஞ்சினுக்குப் பெயர் கிடையாது, எண்தான் உண்டு. உழைத்துத் தீர்ந்ததும் இரும்பு விலைக்குப் போகும்.

முத்துக்கும் இதே விதிதான் என்று சொல்ல முடியாது. முத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். குளித்து எடுத்தவனின் பெயரை யாரும் எழுதி வைக்க மாட்டார்கள். எஞ்சினில் அந்த எண் பலகையாவது மிஞ்சும். பெரம்பூரும் பொன்மலையும் இன்று காப்பாற்றி வைத்திருப்பது ஒன்றிரண்டு எஞ்சின்களை மட்டுமல்ல. எந்த இடத்தில் தட்டினால் பாய்லர் எப்படி ஒலிக்கும் என்று தெரிந்த கைகளையும் காதுகளையும்தான். 1928இல் தேர்வு வைத்து வெளியே அனுப்ப நினைத்த திறமை அதுதான். எண்பது ஆண்டு கழித்து 'எக்ஸ்பிரஸ்' எஞ்சினை ஓட வைத்ததும், நீலகிரிக்குப் புது எஞ்சின் கொடுத்ததும் அதே திறமைதான்.